கேட்டு வீட்டில் காணாமல் போன மூன்று அடி

நான் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரிண்டர். அதுதான் என் ஆபீஸ். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்ததிலிருந்து இதே வேலைதான். சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஸ்கூட்டரில் போனால் தெருவுக்கு ஒரு வீடாவது நான் வரைந்ததாக இருக்கும். எதையும் நின்று பார்க்கத் தோன்றியதில்லை. முன்னால் கார் நிற்க இடம், ஹால், இரண்டு படுக்கையறை, மாடிப்படிக்கு அடியில் மோட்டார். இடத்துக்கும் விதிக்கும் ஏற்றபடி அறைகளைப் பொருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. ஒரு கட்டடத்தின் முன்னால் வாயடைத்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஆபீசுக்கு வந்தார். ரிட்டயர் ஆன என்ஜினீயர். வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் அவருடைய அப்பா வாங்கிப் போட்ட மனை இருந்தது. அங்கே அபார்ட்மெண்ட் கட்ட பில்டரோடு பேசி முடித்துவிட்டார்.

"மனையில ஒரு பழைய கட்டடம் இருக்கு மேடம். இடிக்க பெர்மிஷன் கேட்கணும்னா அதுக்கு ஒரு மெஷர்மெண்ட் டிராயிங் வேணுமாம். நீங்க அளவு மட்டும் எடுத்துக் கொடுங்க. பெரிசா ஒண்ணும் இல்ல, ரெண்டு ரூம்தான்."

"வீடா சார்?"

"வீடுன்னும் சொல்ல முடியாது. வாசல் கேட்டை ஒட்டி இருக்கறதால கேட்டு வீடுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கு."

அவர் கொண்டுவந்த தாய்ப் பத்திரத்தின் நகலைப் புரட்டினேன். பல கைகள் மாறிய நிலம். முதல் பக்கங்களில், பம்மலில் தோல் வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரருக்குச் சொந்தமான பெரிய தோட்டம் என்றும், அவர் ஸ்காட்லாந்து தேசத்தவர் என்றும் எழுதியிருந்தது. பிறகு தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டிருக்கிறது. நடுவில் இருந்த பெரிய பங்களா போய், அந்த இடத்தில் இப்போது மூன்று தெருக்கள் இருக்கின்றன. வாசல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு காலை போனேன். இரண்டு பக்கமும் மூன்று மாடிக் கட்டடங்கள். ஒரு பக்கம் மாவு மில், எதிரே தண்ணீர் கேன் கடை. அவற்றுக்கு நடுவே கருங்கல்லில் ஒரு வளைவு நின்றது. பெரிய வண்டி ஒன்று தாராளமாக நுழையும் அகலம். கதவு கிடையாது. கீல் மாட்டிய இரும்புக் கொக்கிகள் மட்டும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. வளைவை ஒட்டி உள்பக்கம், இடது கையில் அந்தக் கேட்டு வீடு.

பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த வீடு இந்த ஊருக்கு வரையப்பட்டது அல்ல. கூரை அவ்வளவு செங்குத்தாக இருந்தது. நம் மழைக்கு அதில் பாதிச் சரிவு போதும். கூரையின் இரண்டு முனையிலும் முக்கோணச் சுவர்; அதன் சரிவு நேராக இறங்காமல் படிப்படியாக இறங்கியது, யாரோ ஏறிப்போக வேண்டும் என்று கட்டியதைப் போல. கூரையின் நடுவில் ஒரு புகைபோக்கி. தாம்பரத்து வெயிலில், புகைபோக்கி.

முன்பக்கச் சுவர் வளைவை நோக்கி மூன்று முகமாகத் துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முகத்திலும் ஒரு ஜன்னல். நடு ஜன்னலுக்கு உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் அவரே பேசினார்.

"அளவெடுக்கவா வந்துகீறீங்க? சார் போன் பண்ணாரு. உள்ள வாங்க."

அவரும் அவர் கணவரும் பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இந்த அக்கா அக்கம்பக்கத்துத் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறார். நான் கழுத்தில் மாட்டியிருந்த லேசர் மீட்டரைப் பார்த்தார்.

"இடிச்சிடுவாங்களா மேடம்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "அதுக்குத்தான் அளவு கேட்கறாங்க அக்கா."

அவர் தலையாட்டிவிட்டுச் சட்டையை மடித்தார். பிறகு, "நீங்க ஒண்டியா எப்டி புடிப்பீங்க டேப்பை? நான் ஒரு முனை புடிச்சிக்கறேன்" என்றார். பழைய சுவர்களில் லேசரை நம்பமுடியாது; மேடும் பள்ளமுமாக இருக்கும். நான் எப்போதும் டேப்பையும் எடுத்துப் போவேன். இப்படித்தான் அவர் என் வேலைக்குள் வந்தார்.

முதலில் முன்னறை. அவர் நிற்கிற இடத்தில் நின்று பார்க்கச் சொன்னார். நின்றேன். இடது ஜன்னலில் தெருவின் ஒரு கோடி, வலது ஜன்னலில் மறு கோடி, நடு ஜன்னலில் வளைவு. தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் நகர்த்தி, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்க்கலாம்.

"துணி குடுக்க யாரு வந்துகினு கீறாங்கன்னு அவங்க அந்த முக்குல திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அக்கா.

ஒரு வாசல் காவலருக்காகச் செய்த ஏற்பாடு அது. குதிரை வண்டி வருகிறதா என்று பார்த்துக் கதவைத் திறக்க உட்கார்ந்திருந்தவருக்காக. நான் வரைந்த எந்த வீட்டிலாவது, உள்ளே ஒருவர் எங்கே நிற்பார், எதைப் பார்ப்பார் என்று யோசித்து ஜன்னல் வைத்திருக்கிறேனா என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு இத்தனை சதுர அடி ஜன்னல் வேண்டும் என்பது விதி. அதைக் கணக்குப் பார்த்து வைப்பேன். அவ்வளவுதான்.

அந்த அறையின் சுவரில் ஒரு கணப்பு அடுப்பு இருந்தது. குளிர்நாட்டில் கட்டை போட்டு எரித்துக் குளிர் காய்வார்களே, அது. அதற்குள் அக்கா தேங்காய் ஓட்டுக் கரியை மூட்டி வைத்திருந்தார். இஸ்திரிப் பெட்டிக்கு வேண்டிய தணல் அங்கேதான் தயாராகும்.

"புகை வராதா அக்கா?"

"எங்க வருது? ஜிவ்வுனு மேல போய்டும். அது போறப்ப ரூம்ல கீற சூட்டையும் இட்டுகினு போய்டும். சித்திரை மாசத்துல கூட இங்க ஒக்காரலாம் மேடம்."

கையை அடுப்பின் வாயருகே வைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கத்திலிருந்து காற்று மெதுவாக என் விரல்களைத் தாண்டி உள்ளே போனது. குளிரை விரட்டக் கட்டியது, இங்கே வந்து வெயிலை விரட்டிக்கொண்டிருந்தது. கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

அளவெடுத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் கோடு போட்டேன். பொருந்தவில்லை.

வெளியே வீட்டின் நீளம் இருபத்தாறு அடி நாலு அங்குலம். உள்ளே முன்னறை பதினொன்றரை அடி, பின்னறை ஏழு அடி. நடுச்சுவர் ஒரு அடி இரண்டு அங்குலம். வெளிச்சுவர்கள் இரண்டும் சேர்ந்து மூன்று அடி எட்டு அங்குலம். எல்லாம் கூட்டினால் இருபத்து மூன்று அடி நாலு அங்குலம்தான் வருகிறது. மூன்று அடி குறைகிறது. ஒன்றிரண்டு அங்குலம் போவது சகஜம். மூன்று அடி போகாது. டேப்பைத் தப்பாகப் படித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அன்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போய் போனில் ஸ்காட்லாந்து, வாசல் வீடு என்று தேடிப் பார்த்தேன். வரிசையாகப் படங்கள் வந்தன. பெரிய தோட்ட மாளிகைகளின் வாசலில் இதே மாதிரிச் சின்னச் சின்ன வீடுகள். அதே செங்குத்துக் கூரை, அதே படிப்படியான முக்கோணச் சுவர், அதே மூன்று முக ஜன்னல். கூரைச் சரிவெல்லாம் பனி. உள்ளே இருக்கும் மாளிகை எப்படிப்பட்டது என்று வருகிறவருக்கு வாசலிலேயே காட்டுவதற்காக, அதே பாணியில் சிறியதாகக் கட்டுவார்களாம். அந்தப் பனிப் படங்களையும், மாவு மில்லுக்குப் பக்கத்தில் நிற்கும் நம் வீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்தது காதில் விழவில்லை.

மறுநாள் திரும்பப் போனேன். அக்காவும் நானும் எல்லாவற்றையும் மீண்டும் அளந்தோம். அதே அளவுகள். அப்போதுதான் உறைத்தது. முன்சுவரின் கனத்தை ஜன்னல் வழியாக அளந்திருந்தேன். பின்சுவரில் ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை. அதுவும் அதே கனம்தான் இருக்கும் என்று நானாக எழுதிக்கொண்டேன். மூன்று அடி அந்தப் பின்சுவரில்தான் இருக்க வேண்டும்.

வெளியே போய்ப் பின்பக்க முக்கோணச் சுவரை அண்ணாந்து பார்த்தேன். உயரத்தில், கூரைக்குக் கீழே, கண்ணாடி உடைந்த ஒரு வட்ட ஜன்னல்.

"அக்கா, அந்த ஜன்னல் உள்ள எங்க வருது?"

"அது சும்மா டிசைனுக்கு வச்சது. உள்ள ஒண்ணும் இல்ல. மேல பெருச்சாளி ஓடும், அவ்ளோதான்."

அறைகளுக்கு மேலே மரச்சட்டமும் செங்கல்லும் சேர்ந்த பழைய மட்டத் தளம். அதற்கும் மேலேதான் அந்தச் செங்குத்துக் கூரை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம் இருக்க வேண்டும். அங்கே போக வழி?

பின்னறைச் சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். மூலையில் ஒரு சுவர் அலமாரி. பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அவற்றை அக்காவே ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். பின்பலகையைத் தட்டினால் வேறு சத்தம். பலகைமேல் எத்தனையோ முறை அடித்த சுண்ணாம்பு, அதன்மேல் பெயிண்ட். நான் சாரைப் போனில் கூப்பிட்டு, பலகையைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இடிக்கப் போற வீடு மேடம், என்ன வேணா பண்ணுங்க" என்றார்.

அக்கா கணவருடைய லாரி ஸ்பானரைக் கொண்டுவந்து பலகையின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். மூன்றாவது நெம்பலில் பலகை முன்னால் சாய்ந்தது. உள்ளே இருட்டு. குளிர்ந்த காற்று வந்தது. போன் வெளிச்சத்தைக் காட்டினேன்.

படிகள். சுவருக்குள்ளே, தோள் உரசும் அகலத்தில், கருங்கல் படிகள் மேலே ஏறிப் போயின.

அக்கா குனிந்து முதல் படியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பத்தொம்போது வருசம் இதும்மேல சட்டி அடுக்கி வச்சிகினு கீறேன்" என்றார் மெதுவாக.

நான் முன்னால் ஏறினேன். மேலே வட்ட ஜன்னல் வழியாக ஒரு கற்றை வெயில். தூசி, எலிப் புழுக்கை, ஒரு ஓடு விலகிய இடத்தில் வானம். நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம், இரண்டு பக்கமும் கூரை தாழ்ந்து தரையைத் தொட்டது. சாமான் எதுவும் இல்லை. பெட்டி, காகிதம், எதுவும் இல்லை. ஏதாவது இருக்கும் என்று அக்கா எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. "காலி" என்றார்.

தரை சுண்ணாம்புச் சாந்து பூசி இழைத்த தரை. தூசிக்கு அடியில் ஏதோ கோடு தெரிந்தது. விரிசல் என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். கோடு போய்க்கொண்டே இருந்தது. வளைந்தது. இன்னும் துடைத்தேன். அக்கா கீழே போய் விளக்குமாறும் ஒரு பழைய வேட்டியும் எடுத்து வந்தார். அரைமணி நேரம் இரண்டு பேரும் பெருக்கினோம், துடைத்தோம். பிறகு படி ஓரமாகத் தள்ளி நின்று பார்த்தோம்.

தரையில் கூர்மையான ஆணியால் கீறிய ஒரு வரைபடம். பெரிய வளைவின் சரிபாதி. வெளிவளைவு, உள்வளைவு, இரண்டுக்கும் நடுவே கல் கல்லாகப் பிரித்துக் கோடுகள். அந்தக் கோடுகள் எல்லாம் நீண்டு வந்து ஒரே புள்ளியில் சேர்ந்தன. அந்தப் புள்ளியில் ஒரு சின்னத் துளை. அங்கே ஆணி அடித்து, நூல் கட்டி, நூலை இழுத்துச் சுற்றியிருக்கிறார்கள். சில இடங்களில் காவி தோய்த்த நூல் பட்ட சிவப்பு இன்னும் மங்கலாக இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் நம்ப முடியவில்லை. டேப்பை எடுத்து ஆரத்தை அளந்தேன். கீழே இறங்கி ஓடி, வாசல் வளைவின் அகலத்தை அளந்தேன். அகலத்தில் சரிபாதிதான் ஆரம். சிறிய அளவில் வரைந்த படம் அல்ல, முழு அளவு. வாசலில் நிற்கும் வளைவு எவ்வளவு பெரிதோ, அதே அளவில் இங்கே தரையில் வரைந்திருக்கிறார்கள். முதலில் வீட்டைக் கட்டியிருப்பார்கள். மழை படாத, மட்டமான, வழுவழுப்பான தரை அந்தத் தோட்டத்தில் இதுதான் இருந்திருக்கும். இங்கே கோடு போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் அட்டையோ பலகையோ வெட்டி, கீழே கல் செதுக்குகிறவர்களிடம் கொடுத்திருப்பார்கள்.

அக்கா குனிந்து கற்களின் நடுவே இருந்த எழுத்துகளைப் படித்தார். "க, உ, ங, ச, ரு... இன்னா மேடம் இது, வரிசையே இல்லாம கீது?"

பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த பழைய தமிழ் எண் அட்டவணை எனக்கு நினைவு வந்தது. "எழுத்து இல்ல அக்கா, நம்பர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

கீழிருந்து மேலே பத்து வரை இருந்தது. உச்சிக்கல் தனியாக. அக்கா கீழே போய் வாசல் வளைவின் கற்களை எண்ணிவிட்டு, தெருவிலிருந்தே கத்திச் சொன்னார்: "இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, நடுவுல ஒண்ணு."

நான் அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டின் யோசனை எங்கிருந்தோ கப்பலில் வந்தது. பனி பார்த்த ஒருவருடையது. ஆனால் அதை இங்கே நிறுத்துவதற்குக் கோடு போட்டவர் தமிழில் எண்ணியவர். அவரும் நான் செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறார். என் கையில் கம்ப்யூட்டர், அவர் கையில் ஆணியும் நூலும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த ஆணித் துளைக்கு நாலு விரல் கீழே இன்னொரு துளை. அதிலிருந்து கிளம்பிய ஒரு வளைவு, பாதிவரை போய் நின்றிருந்தது. அதன்மேல் குறுக்கே மூன்று கீறல். முதலில் தப்பாகப் போட்டு, பாதியில் கண்டுபிடித்து, அடித்துவிட்டு, மறுபடி போட்டிருக்கிறார். அந்த மூன்று கீறல்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. நானும் அப்படித்தான் அடிப்பேன். குறுக்கே மூன்று கோடு.

சாருக்குப் போன் செய்து, வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் வந்தார். அவர் அப்பா வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் அவர் போனதே இல்லையாம். முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். நான் காட்டக் காட்டப் பார்த்தார். நூல் கட்டிய துளைமேல் விரலை வைத்தார். இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு நூல் அளவு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சாந்துக்கு இடம் விட்டு இரட்டைக் கோடு போட்டிருந்ததைக் காட்டினேன். அவர் மெஷின் டிசைன் செய்த என்ஜினீயர்; பாகங்கள் பொருந்த இப்படி நூலளவு இடைவெளி விடுவது அவருக்குப் பழகிய வேலை. அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"டாலரன்ஸ் கொடுத்திருக்கான்" என்றார். பிறகு, "கொடுத்திருக்கார்" என்று திருத்திக்கொண்டார்.

கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா பில்டர் பிளான்ல இந்த இடத்துலதான் கார் உள்ள போற வழி வருது. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"எனக்கு ஒரு வாரம் கொடுங்க சார்."

அந்த ஒரு வாரம் நான் வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. மனையின் பக்கவாட்டில் ஒரு சந்து இருந்தது. கார் போகும் வழியை அங்கே திருப்பினால், வாசல் வளைவு நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஆகும். எந்த அபார்ட்மெண்டுக்கும் காவலாளிக்கு ஒரு அறை வேண்டும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு இடம் வேண்டும். அவற்றை இந்த வீட்டுக்குள் வைக்கலாம். பில்டர் கணக்கில் ஒரு வீடும் குறையாமல் வரவேண்டும். நான்கு முறை போட்டேன், நான்கிலும் ஒரு படுக்கையறை ஜன்னல் சுவரைப் பார்த்தது. ஐந்தாவதில் படிக்கட்டைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட மிக நல்ல பிளான் அதுதான். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

சார் அதை வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் பேச்சே இல்லை. பதினோராம் நாள் போன் வந்தது.

"பில்டர் ஒத்துக்கிட்டார் மேடம். இடிக்க வேணாம். நான் என் மனைவியையும் கூட்டிப்போய்க் காட்டினேன். அவ படியேற மாட்டேன்னா. அப்புறம் ஏறினா. இறங்கவே மனசில்லை அவளுக்கு."

இந்தச் செய்தியை அக்காவிடம் சொல்ல நானே ஓடினேன். அவர் கேட்டுக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார்.

"அப்போ நாங்க?"

என் பிளானில் அந்த முன்னறைக்குள் 'காவலாளி அறை' என்றும், பின்னறைக்குள் 'சங்க அலுவலகம்' என்றும் எழுதியிருந்தேன். அளவெடுக்க டேப் பிடித்தவர் எங்கே இருப்பார் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்துவிட்டது.

"வூடு நின்னுச்சு மேடம். நாங்கதான் நிக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

சாரிடம் போய்ப் பேசினேன். கட்டட வேலை நடக்கும்போது யாரும் உள்ளே குடியிருக்க முடியாது, பில்டரின் நிபந்தனை என்றார். பம்மலில் அவருக்குத் தெரிந்தவரின் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் பார்த்துக் கொடுத்தார். கட்டடம் முடிந்ததும் அங்கே இஸ்திரி வேலை அக்காவுக்குத்தான் என்று வாக்கும் கொடுத்தார். நான் அதை எழுதி வாங்கிக்கொண்டேன். தை மாதம் அக்கா ஒரு மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்.

வேலை ஆரம்பித்து ஆறு மாதம் இருக்கும். ஒருநாள் ஜல்லி ஏற்றி வந்த லாரி, சந்து வழியாகப் போகாமல் வாசல் வழியாக நுழையப் பார்த்து, வளைவின் இடது தோளில் இடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வளைவுக்கு அடியில் சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கற்கள் உடைந்திருந்தன. பில்டரின் ஆள், மொத்தமாக இறக்கிவிட்டு சிமெண்டில் அதே மாதிரி செய்துவிடலாம் என்றார். சார் என்னைப் பார்த்தார்.

கீழிருந்து எண்ணினேன். ஏழாவதும் எட்டாவதும்.

ஒரு சுருள் டிரேசிங் தாளோடு மேலே போனேன். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஏழு என்ற எண் இருந்த கல்லையும், எட்டு என்ற எண் இருந்த கல்லையும் கோடு தவறாமல் பிரதி எடுத்தேன். மாமல்லபுரம் பக்கத்திலிருந்து ஒரு கல் தச்சரை வரவழைத்தோம். அவர் தாளை விரித்துப் பார்த்து, "இதை யார் போட்டது?" என்று கேட்டார். மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தார். ரொம்ப நேரம் நின்றார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கற்கள் வந்தன. பொருத்துகிற அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டார். சார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். செயின் பிளாக்கின் சங்கிலியை இழுத்து ஏழாவது கல்லைத் தூக்கினார்கள். அது மெதுவாக ஆடிக்கொண்டே போய், இடைவெளியின் வாயில் நின்று, கல் தச்சர் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளே போனது. இரண்டு பக்கமும் ஒரு நூல் இடம். செதுக்க வேண்டியிருக்கவில்லை, தேய்க்க வேண்டியிருக்கவில்லை. எட்டாவது கல்லும் அப்படியே.

தண்ணீர் கேன் கடைக்காரர் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூறு வருடத்துக்கு மேல் இருட்டில் கிடந்த ஒரு கோடு, அன்றைக்குத்தான் போட்டது மாதிரி வேலை செய்தது. போட்டவருக்கு எங்கள் பெயர் தெரியாது, அவர் பெயர் எங்களுக்கும் தெரியாது. கல் மட்டும் பொருந்தியது.

அபார்ட்மெண்டில் ஆட்கள் குடிவந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது. சார் வாக்குத் தவறவில்லை. அக்கா காலையில் வந்து அந்த மூன்று ஜன்னல் அறையில் இஸ்திரி போடுகிறார். காவலாளி அதே அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். சங்கத்தில் சிலருக்குக் கரியடுப்பு பிடிக்கவில்லை. கரண்டு இஸ்திரிப் பெட்டி வாங்கச் சொன்னார்கள். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். புகை வராததால் அவர்களாலும் அதிகம் பேச முடியவில்லை.

போன மாதம் ஒரு புடவையை வாங்கிக்கொள்ளப் போனபோது கேட்டேன். "திரும்ப இங்கயே குடிவரணும்னு தோணுதா அக்கா? நான் வேணா சங்கத்துல பேசிப் பார்க்கறேன்."

அவர் புடவையின் கரையை நேராக இழுத்துவிட்டு யோசித்தார்.

"வேணாம் மேடம். அங்க பைப்பு வூட்டுக்குள்ளயே வருது. இங்க இருந்தப்போ தெருவுக்குத்தான் போகணும். மழைன்னா பேஜாரு." புடவையை மடித்துக்கொண்டே, "ஆனா இந்தக் காத்து அங்க வராது" என்றார்.

நான் புடவையை வாங்கிக்கொண்டேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். படிக்கு இப்போது கதவு போட்டிருக்கிறார்கள்; அதன் சாவி அவரிடம்தான் இருக்கிறது. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த சட்டையை மேசைமேல் விரித்தார்.